பின்வரிசையில் அறுபத்தொரு பேர்

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது; கிழக்குப் பக்கமிருந்து காற்று சில்லென்று வந்துகொண்டிருந்தது. அரங்கத்துக்குள், நான் கட்டிய நாலு படி மேடையின் கடைசிப் படியில் அறுபத்தொரு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அது இருபத்தெட்டுப் பேருக்குக் கட்டிய படி. மூன்றாம் படியில் நாற்பத்தைந்து பேர். இரண்டாம் படியில் ஆறு பேர். முதல் படியில் யாரும் இல்லை. நான் எண்ணி முடிக்கவும், வலது கோடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூரில் மேடை அமைத்துத் தரும் நிறுவனம் ஒன்றில் முப்பத்தொன்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து, அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றவன். கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம், ஆண்டுவிழா, பொருட்காட்சி எதுவானாலும் இரும்புச் சட்டத்தையும் பலகையையும் கொண்டுபோய்ப் பூட்டுவோம். முடிந்ததும் கழற்றி எடுத்து வருவோம். இப்போது நிறுவனம் அலுமினிய மேடைக்கு மாறிவிட்டது. கால்கள் தாமாகவே மடிந்து தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. நல்ல சாமான்தான். என் இடுப்பு கெட்ட பிறகு வந்தது என்பதைத் தவிர அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. புதிய சாமானுக்கு விதிமுறை எழுத உட்கார்ந்தவர்கள், அந்தப் பாட்டு மேடையில் என்னதான் நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார்கள். முதல் இரண்டு தரம் கண் வலி என்றேன்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் சிவில் படித்தேன். அந்தப் படிப்பு எனக்கு முதல் இரண்டு மாதம் பயன்பட்டது. மற்றது எல்லாம் எங்கள் முதலாளி வெங்கிடுசாமி அய்யாவோடு இருந்து வந்தது. அய்யா வீட்டில் தெலுங்கு பேசுபவர்; வெளியில் எங்களைவிட அதிகமாக ‘ங்க’ போடுபவர். இத்தனை வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வருவார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். வெறுங்காலோடு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவார், திரும்பி வருவார். சரியாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். சரியில்லை என்றால் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, “ஒரு டீ சொல்லுங்க கண்ணு” என்பார். என்ன சரியில்லை என்று சொல்ல மாட்டார். டீ வந்து அவர் குடித்து முடிப்பதற்குள் நாம் கண்டுபிடித்துவிட வேண்டும். அவர் சூடாகக் குடிப்பவர் வேறு.

வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆண்டுவிழாவுக்குப் போனோம். தேயிலைச் சரிவில் மேடை. இடது பக்கக் கால்கள் ஒன்றரை அடி, வலது பக்கக் கால்கள் ஐந்து அடி. மழையில் நனைந்துகொண்டே கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, இதைவிடச் சரியாக யாரும் கட்ட முடியாது என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அய்யா நடந்து பார்த்தார். உட்கார்ந்தார். டீ கேட்டார். நான் அடியில் புகுந்து எல்லாக் கால்களையும் ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது டீயும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். “மேடையில ஒண்ணுமில்லீங்க. நீங்க அதைத் திருப்பி வெச்ச பக்கம்தான். பாக்கற சனங்க மூஞ்சியில மழை அடிக்குமே.” கழற்றி, திருப்பி, மறுபடி கட்டினோம்.

அவிநாசிப் பக்கம் ஒரு வரவேற்பு. நாற்பது பேர் நிற்கிற மேடை. போட்டோ எடுக்கும்போது பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரையொருவர் “வாங்க வாங்க” என்று இழுத்து ஏற்றியதில் நூற்றுப்பத்துப் பேர் மேலே இருந்தார்கள். அத்தனை பேரும் போட்டோவில் விழ வேண்டும் என்று முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். மேடை நின்றது; நான்தான் நிற்க முடியாமல் அடியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. நம் சனம் மேடை ஏறினால் முன்னால்தான் வரும். முன்பக்கத்துக்கு எப்போதும் இரட்டைப் பலம். அந்த விதி எனக்குப் பல வருடம் உழைத்தது. பாட்டு மேடைக்கும் அதையே வைத்துக் கட்டினேன்.

இனி அந்தப் பாட்டு. ஆங்கிலேயர் ஒருவர் எழுதியது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். நூற்றுப் பன்னிரண்டு பேர் பாட வேண்டும். அவர்களுக்குக் கீழே நாற்பது பேர் வயலினும் குழலும் மத்தளமுமாக வாசிக்க வேண்டும். கோயமுத்தூரில் அந்த அளவுக்கு யாரும் செய்ததில்லை என்று சொன்னார்கள். சர்ச் பாடகர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மில் அதிகாரிகள், இல்லத்தரசிகள் என்று சேர்த்து ஏழு மாதம் பயிற்சி கொடுத்தவர் எஸ்தர் டீச்சர். அவர்தான் நடுவில் நின்று கையசைத்து நடத்துபவரும். அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் மனைவி பிரேமா.

பிரேமா ஒரு கான்வென்ட் பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்து அந்த வருடம் மே மாதம் ஓய்வு பெற்றவள். பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து பாடிய பழக்கம். அவளுடையது ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தணிந்த குரல். மெட்டு என்று நாம் நினைப்பதெல்லாம் மேல் குரல்காரர்களுக்குப் போய்விடும். ஆல்ட்டோவுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே சுரம். அதைப் பிடித்துக்கொண்டே நிற்பது, கொஞ்சம் இறங்குவது, ஏறுவது, பிறகு சும்மா இருப்பது. ஒரு இடத்தில் நாற்பத்தாறு தாளக் கட்டு, அதாவது நாற்பத்தாறு சுற்றுத் தாளம், சும்மா இருந்துவிட்டுச் சரியாக நுழைய வேண்டும். அவள் வடை தட்டிக்கொண்டே எண்ணுவாள். எண்ணெய் பார்க்கப் போய் விட்டுவிடுவாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் ஹாலில் விரலை மடக்கி எண்ணி, நாற்பத்தைந்தில் தொண்டையைக் கனைப்பேன். சமையலறையிலிருந்து பாட்டு கிளம்பும்.

இப்படி ஏழு மாதம் ஆல்ட்டோவை மட்டும் கேட்டேன். மற்றவர்கள் என்ன பாடுகிறார்கள், இந்த ஒற்றைச் சுரத்துக்கு அங்கே என்ன வேலை என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. போனில் போட்டுக் கேட்கலாம் என்றேன். பிரேமா ஒத்துக்கொள்ளவில்லை. “அதெல்லாம் வேண்டாமுங்க. முழுசா, நேர்ல, ஒரே தடவைல கேளுங்க. அப்பத்தான் தெரியும்” என்றாள். சரி என்று மூன்றாவது வரிசையில் ஒரு டிக்கெட் எடுத்து வைத்தேன். வாழ்க்கையில் எந்த நிகழ்ச்சிக்கும் நான் முன்னால் உட்கார்ந்ததில்லை. எங்களுக்கு இடம் மேடைக்குப் பின்னால்தான். அந்த டிசம்பர் பத்தாம் தேதியை நினைத்து நான் இருந்த இருப்பைச் சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

மேடை வேலையும் எங்கள் நிறுவனத்துக்கே வந்தது. நாலு படி, படிக்கு இருபத்தெட்டு நாற்காலி. உயரம் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு அடி. எஸ்தர் டீச்சர் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். “நடுவுல ஒரு எடமிருக்குங்க சார். எல்லாரும் உக்காந்திருப்பாங்க. நான் கையத் தூக்கினதும் நூத்திப் பன்னண்டு பேரும் ஒண்ணா எந்திரிச்சு, மூச்சு விடற சத்தத்துலதான் பாடுவாங்க. அப்ப உங்க பலகை கிர்ருன்னு ஒரு வார்த்தை பேசுச்சுன்னா என்ற ஏழு மாசமும் போச்சுங்க.”

கல்யாணத்தில் பலகை கிறீச்சிட்டால் நாதஸ்வரம் மூடிவிடும். கட்சிக் கூட்டத்தில் கேட்கவே வேண்டாம். சத்தமே போடாத மேடையை நான் கட்டியதில்லை. பலகையும் சட்டமும் உரசுகிற இடத்தில்தான் சத்தம் வரும். அங்கே ரப்பர் பட்டை வைக்க வேண்டும். கையிலிருந்த பட்டையை முதல் இரண்டு படிக்கு வைத்தேன், அங்கேதான் கூட்டம் சேரும் என்று. கூடுதல் குறுக்குச் சட்டங்களையும் அங்கேதான் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஒத்திகை. நாற்காலி இன்னும் போடவில்லை. எஸ்தர் டீச்சர், முன்வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றார். யாரும் முன்வரிசைக்குப் போகவில்லை. அங்கே நின்றால் பின்னால் நிற்கும் பெரியவர்களுக்கு முதுகைக் காட்ட வேண்டுமே. கல்லூரிப் பிள்ளைகள் டீச்சர்களைப் பார்த்து “நீங்க போங்க” என்று விலகிப் பின்னால் போனார்கள். டீச்சர்கள் பாதிரியாரைப் பார்த்து “நீங்க இருக்கறப்ப நாங்களா” என்று அவர்களும் பின்னால் போனார்கள். பாதிரியார் ஒரு மில் பெரியவருக்கு வழி விட்டார். மில் பெரியவர் பெண்களுக்கு வழி விட்டார். பின்னால் சுவர்தான் இருந்தது. சுவருக்கு முதுகைக் காட்டினால் யாருக்கும் வருத்தமில்லை. மரியாதை தெரிந்தவர்கள் எல்லாம் கடைசிப் படியில் சேர்ந்துவிட்டார்கள். போட்டோ எடுப்பவர் இல்லாத மேடையில் நம் சனம் எந்தப் பக்கம் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

வலது கோடிக் காலின் கீழே வைத்த மரக்கட்டை பிளந்து, பலகை முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெதுவாக எல்லோரையும் இறக்கினேன். அய்யா அன்று வந்திருந்தார்; எழுபத்தெட்டு வயதிலும் வந்து பார்க்காமல் இருக்க மாட்டார். திரும்பிப் பார்த்தேன். முதல் படியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

“டீ சொல்லட்டுங்களா?” என்றேன்.

“வேண்டாங்க. என்னன்னுதான் எல்லாருக்குமே தெரிஞ்சு போச்சே” என்றார்.

நான் நிலைமையைச் சொன்னேன். பின்படிக்குக் கூடுதல் கால் கொடுக்காமல் ஆளை ஏற்ற மாட்டேன். முன்படியில் இருப்பதைக் கழற்றி மாட்ட முடியாது; அது ஒரு அடிக் கால், இது நாலடிக் கால். எங்களிடம் மீதி இருந்த நாலடிக் கால்கள் மொத்தமும் சென்னிமலையில் ஒரு கல்யாண மேடைக்குப் போயிருக்கின்றன. ஞாயிறு காலை முகூர்த்தம். சாமான் வராவிட்டால் மூன்று படியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்று படியில் எண்பத்து நாலு பேர். இருபத்தெட்டுப் பேர் பாட முடியாது.

எஸ்தர் டீச்சர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள், “நான் எறங்கிக்கறேனுங்க” என்று ஒரு குரல். உடனே இன்னொன்று. “நாங்க ரெண்டு பேரும் வேணா உக்காந்து கேக்கறோமுங்க.” “இளசுக பாடட்டும், நான் ஒதுங்கிக்கறேன்.” இரண்டு நிமிடத்தில் நாற்பத்து மூன்று பேர் விலகிவிட்டார்கள். கேட்டது இருபத்தெட்டு. ஆண்களில் மேல் குரல் பாடும் டெனர்கள் மொத்தமே ஒன்பது பேர். அதில் ஏழு பேர் பெருந்தன்மையாக இறங்கி நின்றார்கள்.

“டெனர் யாரும் அசையக் கூடாது” என்றார் எஸ்தர் டீச்சர். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இறங்கியவர்களில் பிரேமாவும் இருந்தாள். நிகழ்ச்சியன்று நாற்காலி போட்டதும் உயரமானவர்களைக் கடைசிப் படியில் நிறுத்துவது என்று முடிவாகியிருந்தது. பிரேமா ஐந்தடி ஏழு அங்குலம், என்னைவிட இரண்டு அங்குலம் அதிகம். எனவே படி இல்லையென்றால் அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவளாகவே ஒதுங்கியது எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கவாட்டு நடையில் கூப்பிட்டு, ஏழு மாதம் உயிரை விட்டது இதற்குத்தானா என்று கேட்டேன்.

“மேடை உங்குளுதுங்க. மத்தவங்களை எறக்கிப்போட்டு நான் மேல நின்னா, ஊட்டுக்காரிக்கு எடம் புடிச்சுட்டாருன்னு பேசுவாங்க. நாமதான் மொதல்ல எறங்கோணும்” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பாட்டுப் புத்தகத்தை மட்டும் இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள்.

நான் சென்னிமலைக்குப் போன் செய்தேன்.

எங்கள் லாரி டிரைவர் சின்னச்சாமி அங்கே இருந்தான். பந்தல்காரர்களிடம் பேசி, தாலி கட்டி முடிந்த கையோடு மேடையைக் கழற்றித் தர ஏற்பாடு செய்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் அய்யாவே பேசினார். போட்டோவை மண்டபத்து வாசலில் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். எப்படிச் சம்மதித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஞாயிறு பதினொன்றே காலுக்குச் சின்னச்சாமி கூப்பிட்டான். முப்பத்தாறு கால்களும் வண்டியில் ஏறிவிட்டன. ரப்பர் பட்டை கேட்டிருந்தேனே, அது என்னவாயிற்று என்றேன்.

“ஞாயித்துக்கெழமைங்க சார். ரப்பர் கடை ஒண்ணும் தொறக்கலீங்க. பெட்ஷீட்டுக் கடைதான் தொறந்திருக்குது. வாங்கிட்டு வரட்டுங்களா?”

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நான் ஒரு நிமிடம் யோசித்தேன். சென்னிமலைக் கைத்தறிப் போர்வை கெட்டியானது. எட்டாக மடித்தால் இரண்டு விரல் கனம் வரும். ரப்பர் பட்டை வைக்காத இரண்டு படிக்குப் பன்னிரண்டு பலகை. பலகைக்கு மூன்று. முப்பத்தாறு என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டான்.

லாரி வந்து சேர மணி மூன்று. நிகழ்ச்சி ஆறு மணிக்கு. ஒன்பது ஆட்களும் நானும் வேலை செய்தோம். பின்படி முழுவதும் காலுக்குக் கால் துணை கொடுத்து, அடிக்கட்டைகளை மாற்றி, நான்கு பக்கமும் குறுக்குச் சட்டம் பூட்டி, மூன்றாம் நான்காம் படிகளின் பலகைகளைத் தூக்கிப் போர்வைகளை மடித்து வைத்து மறுபடி இறக்கினோம். நாலே முக்காலுக்கு எங்கள் ஆட்கள் ஒன்பது பேரும் படியில் ஏறி என் கையசைப்புக்கு ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக எழுந்தார்கள். சத்தம் இல்லை. ஒன்பது பேருக்கு இல்லை; நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு?

இன்னொரு கவலையும் இருந்தது. அத்தனை பேரும் மறுபடி பின்னால் ஓடினால்? நாற்காலி போட்டு எண் ஒட்டியாகிவிட்டது. ஆனாலும் ஒருவர் “நீங்க அங்க உக்காருங்க” என்று தன் நாற்காலியைத் தானம் செய்தால் போதும், எல்லோரும் ஆரம்பித்துவிடுவார்கள். அய்யா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியோரம் போய் நின்றார். விருந்தில் பந்தியில் உட்காரவைப்பது போல ஒவ்வொருவரையும் முழங்கையில் தொட்டு, “வாங்கம்மணி, இங்க உக்காருங்க. ஏனுங்க தம்பி, உங்க எலை அங்க போட்டிருக்குது” என்று கொண்டுபோய் உட்காரவைத்தார். விருந்துக்கு அழைத்தவர் காட்டுகிற இடத்தை மறுக்க நம் ஊரில் யாருக்கும் தெரியாது. பதினொரு நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள். பிரேமா கடைசிப் படியில், வலது கோடியிலிருந்து நாலாவது.

நான் மூன்றாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. ஒரு நிமிடம்கூட உட்கார முடியவில்லை. எழுந்து, பக்கவாட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு பின்படியின் அடிக்குள் புகுந்து, அந்த வலது கோடிக் காலின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தலைக்கு மேல் அரை அடியில் பலகை. பாட்டு ஆரம்பித்தது. மத்தளம் அதிர்ந்தால் என் பல் அதிர்ந்தது. சொற்கள் ஒன்றும் புரியவில்லை. நான் பாட்டைக் கேட்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து எல்லாம் ஓய்ந்தது. இதுதான் அந்த இடம். காலை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டேன். மேலே துணி சரசரத்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். நின்ற பஸ் கிளம்பும்போது கம்பியில் ஒரு நடுக்கம் வருமே, அவ்வளவுதான் கையில் தெரிந்தது. மரக்கட்டை அசையவில்லை. பலகை பேசவில்லை.

பிறகு மிகவும் தணிந்து ஆரம்பித்தார்கள். எனக்கு முதலில் கேட்டது, நேர் மேலே, எனக்குப் பழகிய அந்த ஒற்றைச் சுரம். அது அப்படியே நின்றது. ஆண்கள் அதற்குக் கீழே இறங்கிப் போனார்கள். மேல் குரல்காரர்கள் அதைத் தாண்டி ஏறினார்கள். வயலின்கள் இரண்டுக்கும் நடுவில் புகுந்து வந்தன. எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டு அந்தச் சுரத்துக்கே திரும்பினார்கள். அது மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. ஏழு மாதமாகச் சமையலறையில் அது எதற்காக நின்றுகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தபோது, காலைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நாற்பத்தாறு தாளக் கட்டு வந்தது. பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ, எங்கேயோ விட்டுவிட்டேன். பிரேமா தானாகவே சரியாக நுழைந்தாள்.

முடிந்ததும் கை தட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், நன்றியுரை பாட்டில் பாதி நேரம் ஓடியது. எஸ்தர் டீச்சர் என்னைத் தேடி வந்து, தலையில் ஒட்டியிருந்த நூலாம்படையைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிரேமா எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். “அங்கிருந்து என்னங்க கேட்டிருக்கும்?” என்றாள். எல்லாமே கேட்டது என்றேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

போர்வைகளை எடுத்தபோது எல்லாவற்றிலும் சட்டத்தின் தடம் விழுந்திருந்தது. கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள். அய்யா பில்லைக் கொடுக்கச் சொன்னார். கம்பெனிக் கணக்கில் எழுதிவிடலாம் என்றார். நான் கொடுக்கவில்லை.

“இது என்ற ஊட்டுக்காரி நிக்கற எடத்துக்கு நான் விரிச்சதுங்க” என்றேன்.

முப்பத்தாறு போர்வை, ஒன்று முந்நூறு ரூபாய் வீதம் பத்தாயிரத்து எண்ணூறு. ஒரு நிமிடம் உட்கார்ந்த மூன்றாவது வரிசை நாற்காலிக்கு ஐந்நூறு. ஆக மொத்தம் எனக்கு ஆனது பதினோராயிரத்து முந்நூறு ரூபாய்.